நாளமும் நினைவும்: ஒரு பிரிவினையின் வரலாறு

1906 நவம்பர் 3 அன்று ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய மனநல மருத்துவர்கள் முன்னிலையில், நினைவும் மொழியும் படிப்படியாகச் சிதைந்து 55 வயதில் இறந்த அகுஸ்டெ டெட்டர் என்ற பெண்ணின் மூளையில் தாம் கண்டவற்றை அலோய்ஸ் அல்சைமர் விவரித்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திரண்டிருந்த படிவுகளும் அவற்றின் உள்ளே முறுக்கிக் கிடந்த இழைமுடிச்சுகளுமே அவ்வுரையிலிருந்து மருத்துவ வரலாற்றில் நிலைத்தன. ஆனால் 1907இல் அச்சான அதே அறிக்கையில், மூளையின் பெரிய குருதி நாளங்கள் தமனித் தடிப்புக்கு, அதாவது சுவரில் கொழுப்பு படிந்து குழாய் விறைத்துக் குறுகும் நிலைக்கு, உள்ளாகியிருந்தன என்ற ஒரு வரியும் உண்டு. 1890களிலேயே ஓட்டோ பின்ஸ்வாங்கரும் அல்சைமரும் நாளக் கேட்டால் மூளை நலிவதைப் பற்றி எழுதியிருந்தனர் என்பதை எண்ணும்போது, அந்த வரி கவனிப்பாரற்றுப் போனது வருந்தத்தக்கது.

1910இல் மனநல மருத்துவர் கிரேப்பலின் தமது பாடநூலில் அல்சைமரின் பெயரை நடுத்தர வயதினரின் அரிய நோயொன்றுக்குச் சூட்டினார். முதியோரின் மறதிநோய்க்கோ தமனித் தடிப்பே காரணம் என்று பல பத்தாண்டுகள் கருதப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் முதியோர் மூளைகளிலும் அல்சைமர் கண்ட படிவுகளையே மிகுதியாகக் காண, கருத்து மறுமுனைக்குச் சாய்ந்தது. 1974இல் நரம்பியல் மருத்துவர் ஹச்சின்ஸ்கியும் அவருடைய சகாக்களும், நாளங்களால் மறதிநோய் வருவதாயின் அது குருதியடைப்பால் மூளைத்திசு பல இடங்களில் மடிவதாலேயே வருகிறது என்று வாதிட்டனர். இவ்வாறு நோயாளி அல்சைமர் நோய், நாளக் கேட்டால் வரும் மறதிநோய் என்ற இரண்டில் ஒரு வகைக்குள் அடைக்கப்பட்டார்.

அந்த வேலியை உடைத்த சான்று கன்னிமாடங்களிலிருந்து வந்தது. ஆய்வாளர் டேவிட் ஸ்னோடன் அமெரிக்காவில் 678 கத்தோலிக்கக் கன்னியரை ஆராய்ந்தார்; ஒரே வகை வாழ்க்கை வாழ்ந்தவர்களாதலால் அவர்களை ஒப்பிடுவது எளிதாயிற்று. 1997இல் வெளியான 102 மூளைகளின் ஆய்வில், அல்சைமர் மாற்றங்களோடு மூளையின் ஆழத்தில் ஓரிரு சிறு அடைப்புத் தழும்புகளும் இருந்தவர்களிடம் மறதிநோய் மிக அதிகமாயிருந்தது. அம்மாற்றங்கள் அல்சைமர் நோய் என வரையறுக்கப் போதிய அளவில் இல்லாதவர்களிடம் அதே தழும்புகள் சிறிதளவே பாதித்தன. நெடுநாள் உயர் இரத்த அழுத்தத்தாலும் நீரிழிவாலும் மெல்லிய கிளைத் தமனிகளின் சுவர் தடித்து அடைபடுவதே இத்தகைய தழும்புகளுக்கு வழக்கமான காரணமாகும்.

உடல் சர்க்கரையைக் கையாளும் முறையில், அதாவது வளர்சிதை மாற்றத்தில், ஏற்படும் குறையும் இக்கணக்கில் சேர்ந்தது: 1999இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு, நீரிழிவு உள்ளோருக்கு மறதிநோய் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று காட்டியது. இதயநோயை அறிய 1948இல் 5,209 பேருடன் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் தொடங்கிய ஆய்வோ, 1970களின் பிற்பகுதி முதல் மூன்று பத்தாண்டுகளில் புதிய மறதிநோயாளிகளின் விகிதம் குறைந்துவந்ததை 2016இல் அறிவித்தது. இந்த நற்பேறு உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தோருக்கே வாய்த்தது. இதயமும் நாளங்களும் நலமுற்றது மட்டுமே அதை முழுமையாக விளக்கவில்லை என்று ஆய்வாளர்களே பதிவு செய்தனர். பெரும்பாலான நாள இடர்கள் தணிந்த அதே காலத்தில் உடற்பருமனும் நீரிழிவும் அங்கே தணியவில்லை.