பான்டிங்கின் தராசு

1862-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள், இலண்டன் மாநகரில் வில்லியம் பான்டிங் என்னும் முதியவரின் எடை 202 பவுண்டு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 92 கிலோ. உயரமோ ஐந்தடி ஐந்தங்குலமே. அரச குடும்பத்தாரின் நல்லடக்க ஏற்பாடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துவந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் அவர். குனிந்து தம் காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் இயலாது. படிக்கட்டில் இறங்கும்போது முழங்கால் தாங்காது என்பதால் பின்புறமாகவே மெல்ல இறங்குவார்.

இந்நிலையை அவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதனோடு போராடினார். நாள்தோறும் விடியலில் கனத்த படகொன்றை இரண்டு மணி நேரம் வலித்தார்; தசை உரம்பெற்றது, ஆனால் கூடவே பசியும் பெருகியது. கடற்காற்று, குதிரைச் சவாரி, ஊற்று நீர் ஊர்கள், அளவின்றிக் குடித்த மருந்துகள் என ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஐம்பது முறை துருக்கிய நீராவிக் குளியல் எடுத்தும் குறைந்தது ஆறு பவுண்டுதான். ஒவ்வொன்றும் சில காலம் பலன் தருவதுபோல் தோன்றும். பிறகு பழைய நிலையே திரும்பும். எடை குறைக்க முனைந்த எவரும் இந்த வட்டத்தை அறிவர்.

இறுதியில் காது மந்தமாகியது என்று வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவரை நாடிச் சென்றார். ஹார்வி காது நோய் மருத்துவர். எனினும் பாரிஸ் நகரில் கிளோத் பெர்னார் கல்லீரலுக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டுச் சிந்தித்தவர். அவர் சொன்ன வழி எளியது. ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறையும் விட்டுவிடவேண்டும். இறைச்சி, மீன், காய்கறி, சிறிது பழம், ஓரவுன்சு வாட்டிய ரொட்டி, இரண்டு மூன்று கோப்பைத் திராட்சை இரசம் ஆகியவை தடையில்லை. (இத்தனை திராட்சை இரசத்தை இன்றைய மருத்துவர் எவரும் பரிந்துரைக்கமாட்டார்.) ஓராண்டு கழிந்து 1863 செப்டம்பரில் அவர் எடை 156 பவுண்டு. நாற்பத்தாறு பவுண்டு குறைந்திருந்தது. காதும் முன்னினும் தெளிவாகக் கேட்டது. தம் அனுபவத்தைச் சிறு நூலாக அச்சிட்டு இலவசமாகவே பகிர்ந்தளித்தார். நூல் பரபரப்பாகப் பேசப்பட்டது. மருத்துவர் சிலர் எள்ளி நகைத்தனர். மக்களோ அவர் பெயரையே வினைச்சொல்லாக்கினர். சுவீடன் மொழியில் ‘பான்டா’ என்றால் இன்றும் உணவைக் கட்டுப்படுத்தி மெலிதல் என்றே பொருள்.

இதுவரை உள்ளது பலரும் அறிந்த வெற்றிக் கதை. என் கருத்தில் இதனினும் அருமையான செய்தி, 1869-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் உள்ளது. விலக்கிய உணவுகளை மீண்டும் சிறிது சிறிதாகச் சேர்த்தால் என்ன நேரும் என்பதை அவர் தம் உடலிலேயே கண்டு எழுதினார். ஐந்தவுன்சு சர்க்கரையை ஏழு நாட்களுக்குச் சமமாகப் பங்கிட்டு உண்டால் வார இறுதியில் எடை ஏறத்தாழ ஒரு பவுண்டு ஏறுகிறது. விலக்கிய மற்றப் பொருள்கள் இவ்வளவு செய்வதில்லை என்கிறார். அந்த எழுத்தில் ஒப்பாரியும் இல்லை, தன்னிரக்கமும் இல்லை. கணக்கர் ஒருவர் வரவுசெலவுப் பிழையைக் குறிப்பதுபோல் குறித்துவிட்டு, தம் முறையிலேயே நிலைத்து நின்றார்.

அந்த ஒரு பவுண்டு எதனால் ஏறியது? பான்டிங் அறிந்திருக்க வழியில்லாத ஒன்றை இன்று நாம் அறிவோம். ஐந்தவுன்சு சர்க்கரை ஏறத்தாழ 140 கிராம். அது தருவது 560 கலோரி அளவே. ஒரு பவுண்டு கொழுப்பு உடலில் சேர வேண்டுமானால் ஏறத்தாழ 3,500 கலோரி மிகையாக வேண்டும். ஆகவே ஏறிய எடையில் பெரும்பகுதி கொழுப்பாக இருந்திருக்க இயலாது. நாம் உண்ணும் மாச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் ‘கிளைக்கோஜன்’ என்னும் பொருளாகச் சேமிக்கின்றன. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. மாச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் எடை விரைந்து இறங்குவது இந்நீர் வெளியேறுவதனால். ஒருநாள் திருமண வீட்டில் வயிறார உண்டபின் மறுநாள் காலை தராசு ஒன்றரைக் கிலோ கூடக் காட்டுவதும் இந்நீர் திரும்புவதனாலேயே. பல வாரத் தவம் ஒரே இரவில் பாழாயிற்று என்று நெஞ்சுடைந்து போகிறவர் உண்மையில் கண்டது தண்ணீரைத்தான். பழைய உணவுமுறைக்குத் திரும்பினால் சில நாட்களில் அது வடிந்துவிடும்.

இடறுவது எப்போதும் நாவின் ஆசையால் மட்டுமன்று. பான்டிங்குக்கு முந்நூறாண்டு முன் இத்தாலியின் படுவா நகரில் வாழ்ந்த லுயிஜி கொர்னாரோ இதற்குச் சான்று. மாச்சத்தை அவர் விலக்கியவரல்லர், அளவையே குறைத்தவர். இளமையில் உண்டுகளித்துக் கெட்ட உடலைத் திருத்த எண்ணி, நாளொன்றுக்குப் பன்னிரண்டவுன்சு உணவும் பதினான்கவுன்சு திராட்சை இரசமும் என்று பல்லாண்டு வாழ்ந்தார். எழுபத்தெட்டாம் வயதில் உறவினரும் நண்பரும் சூழ்ந்துகொண்டு, இந்த முதுமைக்கு இது போதாது, சற்றே கூட்டுங்கள் என்று அன்போடு வற்புறுத்தினர். எந்த வீட்டில்தான் இக்குரல் கேட்பதில்லை! மறுக்கமாட்டாமல் இரண்டிரண்டு அவுன்சு கூட்டினார். சில நாட்களிலேயே மனம் சோர்ந்து எரிச்சல் மிகுந்தது. பின் விலாவில் கடுவலியும், அதைத் தொடர்ந்து முப்பத்தைந்து நாள் காய்ச்சலும் வந்தன. காரணம் அந்த நான்கவுன்சுதானா என்று இன்றைய மருத்துவர் ஐயுறலாம். கொர்னாரோ ஐயுறவில்லை, அன்பர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை, பழைய அளவுக்கே மீண்டார். 1558-இல் அவர் எழுதி வெளியிட்ட அந்நூலை லூவேன் நகர இயேசு சபைத் துறவி லெசியுஸ் இலத்தீனில் பெயர்த்து, நலவாழ்வு பற்றிய தம் நூலோடு 1613-இல் வெளியிட்டார்.

இடறியவரை மற்றவர் எப்படி நடத்தினர் என்பதற்கு இன்னொரு வரலாறும் உண்டு, அது கொடிது. இன்சுலின் கண்டறியப்படுமுன் நீரிழிவு நோயாளிக்கு மாச்சத்தைக் குறைப்பது உயிரைச் சில காலம் நீட்டிக்கும் வழிகளுள் ஒன்றாக இருந்தது. நேப்பிள்ஸ் நகர மருத்துவர் கன்டானி, நோயாளிகள் ஒளித்து உண்ணாதபடி அவர்களை அறையில் பூட்டி வைத்தார். அமெரிக்க மருத்துவர் ஆலன், பட்டினிக்கு அருகான உணவையே அளந்து தந்தார். அவரிடம் இருந்த பார்வையற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் சிறுநீரில் மீண்டும் மீண்டும் சர்க்கரை தென்பட்டது. துருவிக் கேட்டபோதுதான் அவன் பற்பசையையும், தன் கூண்டுப் பறவைக்கு வைத்த தானியத்தையும் தின்றது வெளிப்பட்டது. அச்சிறுவன் பிழைக்கவில்லை. அவன் செய்ததைக் குற்றம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆலனிடமே மூன்றாண்டு அரைப்பட்டினி கிடந்த எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி, 1922 ஆகஸ்டில் இருபது கிலோ அளவே எடையோடு தொரந்தோ நகருக்குக் கொண்டுவரப்பட்டு இன்சுலின் பெற்றாள். மீண்டும் ரொட்டி உண்டாள். 1981 வரை வாழ்ந்தாள். அவளுக்கு மருத்துவம் செய்த பிரெடெரிக் பான்டிங், நம் இலண்டன் பான்டிங்கின் தூரத்து உறவினர் என்பர்.

பூட்டும் காவலும் இல்லாத நம்மைப் போன்றோரைப் பெரும்பாலும் வீழ்த்துவது முதல் கவளமன்று. அதற்குப் பின் வரும் எண்ணமே வீழ்த்துகிறது. ஹெர்மன், மாக் என்னும் இரு உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமாக உணவைக் கட்டுப்படுத்துவோர்க்கு முதலில் இனிப்பான பால்பானம் தரப்பட்டது. பிறகு பனிக்கூழைச் சுவைக்கச் சொன்னார்கள். பானம் அருந்தாதவர்களைவிட அருந்தியவர்களே மிகுதியாக உண்டனர். முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததை ஆய்வுக்கூடம் அளந்து காட்டியது, அவ்வளவே.

புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் தனி ஆன்மசோதனைக்கு ஒரு முறை உண்டு. நாளுக்கு இரண்டாக ஒரு வாரத்திற்குக் கோடுகள் வரைந்து, ஒவ்வொரு தவறுதலுக்கும் அவ்வேளைக்குரிய கோட்டில் ஒரு புள்ளி இடவேண்டும். பின்னர் மாலைக் கோட்டைக் காலைக் கோட்டோடும், இன்றைய நாளை நேற்றோடும் ஒப்பிடவேண்டும். புள்ளிகள் இருக்கும் என்பது அதில் முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதே நூலின் உணவு நெறிகளில், அடுத்த வேளைக்கு எவ்வளவு உண்பது என்பதை உண்டு முடித்து, பசியில்லாத நேரத்திலேயே தீர்மானித்துக்கொள்ளச் சொல்கிறார். (ரொட்டியை அவ்வளவாகக் குறைக்க வேண்டியதில்லை என்றும் அங்கேயே சொல்கிறார், ஹார்வி இசைந்திருக்கமாட்டார்.)

விருந்தில் இடறியவர் மறுநாள் முழுவதும் பட்டினி கிடப்பது நல்லதன்று. அப்பசியே அடுத்த இடறலுக்கு வழி வகுக்கும். முட்டையோ மீனோ கீரையோ, வழக்கமான உணவையே அடுத்த வேளையில் உண்டு, தராசை ஒரு வாரம் பாராதிருப்பது போதும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் மாச்சத்தைத் திடீரெனக் குறைக்கலாகாது. இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.

பான்டிங் 1878 மார்ச்சு 16-ஆம் நாள் தம் எண்பத்தோராம் வயதில் காலமானார்.