விடுபட்ட இடத்தை நிரப்புவது யார்?

புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் இன்று நம்மிடம் இல்லை. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் கையில் கிடைத்த ஏடுகள் பல இடங்களில் சிதைந்திருந்தன. சிதைந்த அடிகளுக்குப் புள்ளி இட்டாரே அன்றித் தம் சொல்லை அங்கே வைக்கவில்லை. யாப்பறிந்த ஒருவருக்கு ஓர் ஆசிரிய அடியை இட்டு நிரப்புவது பெரிய வேலையும் அன்று.

இதை நாங்கள் நினைத்துக்கொண்டது இலக்கியக் கூட்டத்தில் அல்ல. நெய்வேலியில், நண்பர் ஒருவரின் குவார்ட்டர்ஸ் திண்ணையில். எங்கள் வட்டத்தில் சிலருக்கு மென்பொருள் எழுதுவதே பிழைப்பு. நிரல் எழுதுவோர் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் மீதியைத் தானே முன்வைக்கும் கருவிகளில், திறமூலமாகக் கிடைப்பவற்றுள் எது மேல் என்று பேச்சு எழுந்தது. கைப்பேசியில் தட்டச்சு செய்யும் எவரும் இதன் எளிய வடிவத்தை அறிவர். ஆனால் நிரல் உலகில் இதற்கு நாற்பதாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஒவ்வொரு கருவியும் எங்கே பார்த்துச் சொல்லைத் தேடுகிறது, தெரியாதபோது என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டால் அவ்வரலாறு இலக்கிய வாசகர்களுக்கும் விளங்கும் என்பது எங்கள் எண்ணம்.

மூத்த கருவிகள் நாம் எழுதியதை மட்டுமே பார்த்தன. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனு ஈமேக்ஸ் உரைத்தொகுப்பியில் இன்றும் ஒரு விசைச்சேர்க்கை உண்டு. பாதிச் சொல்லைத் தட்டி அதை அழுத்தினால், நாம் ஏற்கெனவே எழுதிய வரிகளில் பின்னோக்கித் தேடி, அவ்வாறு தொடங்கும் மிக அருகிலுள்ள சொல்லை எடுத்துத் தரும். அதற்கு எந்த மொழியின் இலக்கணமும் தெரியாது. கடிதம் எழுதினாலும் கவிதை எழுதினாலும் ஒன்றுதான். பெர்க்கிலியில் கென் அர்னால்டு எழுதிய சிடேக்ஸ் வேறு வழியில் சென்றது. நிரல் கோப்புகளைப் படித்து, எந்தப் பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது என்று நூலின் பின்னிணைப்பைப் போல ஓர் அகராதியை ஆக்கித் தந்தது. ஆங்கிலச் சொல்லடைவுகளையும் தமிழ்ச் சொல்லடைவுகளையும் புரட்டியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இவற்றின் அருமை இணையம் அரிதாயிருந்த நாள்களில்தான் தெரிந்தது. 2000களின் தொடக்கத்தில் நகரியத்தில் எங்களுக்கு இணையம் என்பது மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்காரும் பிரௌசிங் சென்டர்தான். கணினி இதழோடு வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸை நிறுவி, விம் தொகுப்பியைத் திறந்து, எதையும் யாரிடமும் கேட்க வழியின்றி எழுதினோம். பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம், 2006இல் வந்த 7ஆம் பதிப்பில் மொழியறிந்து நிறைவு செய்யும் வசதியையும் பெற்றது. (தம் மென்பொருளால் பயனடைந்தோர் உகாண்டாவின் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்று கேட்டவர் அவர், 2023இல் மறைந்தார். கோப்பு எதையும் குறிப்பிடாமல் விம்மைத் திறந்தால் அவ்வேண்டுகோள் திரையில் தெரிவதுண்டு.)

மொழியறிந்து நிறைவு செய்தல் என்பதுதான் அடுத்த தலைமுறை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1990களின் பிற்பாதியில் பரவலாக்கிய இவ்வசதியை, ஜாவா எழுதுவோருக்கு 2001இல் எக்லிப்ஸ் திறமூலமாகத் தந்தது. ஒரு பொருளின் பெயரை எழுதிப் புள்ளி வைத்ததும், அப்பொருள் செய்யக்கூடிய வினைகள் மட்டும் பட்டியலாக விரியும். இதில் தமிழர் கவனிக்க ஒன்று உண்டு. 'திற, கோப்பை' என்று வினையை முதலில் சொன்னால் கருவியால் எதையும் ஊகிக்க இயலாது, திறக்கக்கூடியவை ஆயிரம். 'கோப்பு' என்று முதலில் சொல்லிவிட்டால் அதற்குரிய வினைகள் சிலவே. பெயர் முன், வினை பின் என்பது நம் வாக்கிய அமைப்பு அல்லவா? தரவுத்தளங்களை வினவும் எஸ்கியூஎல் மொழி, எந்த அட்டவணை என்று சொல்லுமுன் எந்த நிரல்களை எடுப்பது என்று எழுதச் சொல்லும். கருவி அங்கே கைகட்டி நிற்கும். 2007இல் சி-ஷார்ப் மொழியில் லிங்க் என்ற வினவல் முறையைப் புகுத்தியவர்கள் இவ்வரிசையைத் திருப்பி, அட்டவணையை முன்னே வைத்தனர். நிறைவுக் கருவிக்கு வழிவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

முத்து அண்ணாமலை 2009இல் கட்டுரை வழி அறிமுகப்படுத்திய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியிலும் நிபந்தனை முதலில் வரும். 'ஆனால்' என்ற சொல் அதன் பின்னே வரும். ஆங்கில மொழிகளில் முதற்சொல்லைக் கண்டதும் முழு வாக்கியச் சட்டத்தையும் விரிக்கப் பழகிய கருவிகளுக்கு இது தலைகீழ். எனினும் 'பதிப்பி' என்ற ஏவல் எழிலிலும் முன்னேதான் நிற்கிறது. அதுவும் பின்னே வந்திருக்கலாம் என்பது எங்கள் ஆசை.

2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகியவை அறிவித்த மொழி வழங்கி நெறிமுறையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒவ்வொரு தொகுப்பிக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிக் கருவி செய்யும் பாடு நீங்கியது. சி மொழிக்குக் கிளாங்டி, ரஸ்டுக்கு ரஸ்ட் அனலைசர் என மொழிக்கொரு வழங்கி இருந்தால் போதும், ஈமேக்ஸும் விம்மும் அதையே பயன்படுத்தும். துல்லியத்தில் எங்கள் வாக்கு இவற்றுக்கே.

பின்னர் வந்தவை வேறு இனம். 2021இல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளிவந்தது; பொதுவெளியில் குவிந்திருந்த நிரல்களைக் கற்ற பெருமாதிரி, சொல்லுக்கு மாறாகப் பத்தி பத்தியாக எழுதித் தந்தது. உரிமத்தையும் எழுதியவர் பெயரையும் மதிக்கவில்லை என்று 2022 நவம்பரில் அமெரிக்காவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. நிலத்தடியிலிருந்து எடுத்து எரிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இவ்வழக்கு எளிதில் புரியும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். தொலைவுக்குக் கொண்டுசெல்வது கட்டாது. ஆகவே சுரங்கத்தின் வாயிலிலேயே அனல்மின் நிலையம். மின்சாரம் வெளியூர்களுக்குச் செல்லும்; நிலம் கொடுத்த கிராமத்தார் தமக்கு என்ன கிடைத்தது என்று தலைமுறைகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிரல் எழுதியவர் அருகில்கூட இல்லை என்பதுதான் வேறுபாடு.

அக்கேள்விக்குத் திறமூலத்தார் சொன்ன விடை 2023 மே மாதத்தில் வந்த ஸ்டார்கோடர். ஹக்கிங் ஃபேஸும் சர்வீஸ்நவ்வும் முன்னின்ற பிக்கோடு திட்டத்தின் மாதிரி அது. தாராள உரிமம் உடைய நிரல்களையே பெரிதும் திரட்டினர். தம் நிரல் அத்தொகுப்பில் உள்ளதா என்று பார்க்கவும், வேண்டாமெனில் விலக்கிக்கொள்ளவும் வழி வைத்தனர். (பயன்பாட்டுக் கட்டுப்பாடுகள் உடைய உரிமம் என்பதால் இதைத் திறமூலம் என்று ஒப்பாதவர்களும் உண்டு, அவர்கள் பக்கமே நியாயம்.) டாபி போன்ற வழங்கிகளைக் கொண்டு இத்தகைய மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம், எழுதுவது வெளியே போகாது. தமிழின் இடம்தான் இவற்றில் குறுகலானது. 'தமிழ்' என்ற சொல் யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள்; அதன் ஆங்கில வடிவம் ஐந்தே. தமிழை அதிகம் பார்த்திராத மாதிரி அச்சொல்லைத் துண்டு துண்டாகவே காண்கிறது.

அன்று மாலை நண்பர், பைத்தானில் தாம் எழுதிவந்த ஒரு நிரலைத் திறந்தார். வெண்பா அடிகளைச் சீர் பிரிக்கும் முயற்சி அது. மாறிகளின் பெயர்களும் தமிழிலேயே. (2008இல் வந்த பைத்தான் 3 முதல் இதற்குத் தடையில்லை.) தளை பார்க்கும் பகுதியை அவர் இன்னும் எழுதவில்லை. மொழி வழங்கியைக் கேட்டோம். பட்டியல் வெறுமையாக வந்தது. திறந்த மாதிரி ஒன்றைக் கேட்டோம். நொடியில் பன்னிரண்டு வரி. வரிகள் பார்வைக்கு ஒழுங்கு. நடுவே, நண்பரின் கோப்பில் எங்குமே இல்லாத ஒரு செயற்கூறை, இருப்பதாகவே எண்ணி அழைத்திருந்தது. அதற்குச் சூட்டிய பெயரும் அவர் வைத்திருக்கக்கூடிய பெயர்தான். இரண்டு முறை தேடிப் பார்த்த பிறகே அவரும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

வரிகளை அழித்துவிட்டு, அவ்விடத்தில் மூன்று புள்ளிகள் மட்டும் இட்டுக் கோப்பைச் சேமித்தார். இன்னும் எழுதப்படாத பகுதிக்கு அவ்வாறு புள்ளி வைத்தால் பைத்தான் பிழை என்று சொல்வதில்லை, நிரல் ஓடுகிறது.