கால்கள் முடங்கியும் 185 கிலோ தூக்கிய ராஜிந்தர்!

பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் மாவட்டத்தைச் சேர்ந்தவர் ராஜிந்தர் சிங் ரஹேலு. 8 மாதக் குழந்தையா இருந்தப்பவே போலியோ தாக்கி கால்கள் முடங்கின. ஏழைக் குடும்பம். ஆனாலும் மனுஷன் அசரவில்லை. பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடையை நெஞ்சு வரை இறக்கி, கை பலத்திலேயே மேலே தூக்கும் 'பவர் லிப்டிங்' போட்டியில் இறங்கினார்.

2004-ல் ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 56 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்ததே மொத்தம் 2 பதக்கம்தான். அதில் ஒன்று இவருடையது. அர்ஜுனா விருதும் தேடி வந்தது.

2012-ல் லண்டனில் சறுக்கல். 3 வாய்ப்பும் வீணாப் போச்சு. வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் ஒதுங்கிவிடவில்லை. 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 185 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். அப்போது அவருக்கு வயது 41!