இழப்பீடு

‘இடு’ என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர் ஈடு. கெடு கேடானதும் படு பாடானதும் இப்படித்தான். சமம், அடமானம், பதிலுக்குத் தருவது என அதற்குப் பல பொருள். இழப்புக்குத் தரும் ஈடு இழப்பீடு; பேச்சில் நஷ்டஈடு.

ஒப்பந்தம் முறிந்தால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிடித்துக்கொள்வது ‘சமம்’ என்ற பொருளையே. மீறலால் இயல்பாக விளைந்த, அல்லது ஒப்பந்தம் போடும்போதே இருதரப்பும் அறிந்திருந்த இழப்புக்குத்தான் 73ஆம் பிரிவு ஈடு தரும். சுற்றிவளைத்து வரும் இழப்புக்கு இல்லை. பத்திரத்தில் ‘தவறினால் பத்து லட்சம்’ என்று எழுதியிருந்தாலும், 74ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமானதையே நீதிமன்றம் வழங்கும். மிரட்டுவதற்காகத் தொகையை ஏற்றி எழுதுவோர் இதைப் படிப்பதில்லை போலும். பணம் வேண்டாம், பேசிய வீட்டையே கிரயம் செய்து கொடு என்பவர் போகவேண்டிய சட்டம் வேறு, 1963ஆம் ஆண்டினது.