மண்ணேடும் கோயிலேடும்

பாட்டன் பூட்டன்மாரைத் தேடி அலைவதில் அயர்லாந்து தேசத்தவருக்கு நிகரானவர் உலகில் அரியர். 1845ஆம் ஆண்டு தொடங்கி உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழுகிப்போக, அதனால் மூண்ட பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேரே கப்பலேறினர். அவர்தம் சந்ததியார் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்து, எங்கள் குடிசை எவ்விடத்திருந்தது என்று கேட்கின்றனர். கேட்டவருள் பலருக்கு விடையும் கிடைக்கின்றது. பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்த தமிழர் வழிவந்த நாம், பேராக்கிலிருந்து அதே கேள்வியை எழுப்பினால் என்ன கிடைக்கும் என்பதே ஈண்டு ஆராயப் புகுவது.

ஐரிஷ்காரருக்கு விடை கிடைப்பதன் காரணம் வினோதமானது. அவர் முன்னோரிற் பெரும்பாலோர் நிலமுடையவரல்லர். பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுத ஏழைகள். ஆயினும் வரி தண்டுவோனுக்கு அவ்வேழையின் பெயர் வேண்டியிருந்தது. ரிச்சர்டு கிரிபித் என்பார் 1847 முதல் 1864 வரை நடத்திய மதிப்பீட்டில், சிற்றூர்தோறும் நிலத்தை அனுபவிப்பவன் யார், அவனுக்கு விட்டவன் யார், பரப்பெவ்வளவு, மதிப்பெவ்வளவு என்றெல்லாம் எழுதப்பட்டன. அதற்கு முன்னே, 1823 முதல் எழுதப்பட்ட தசமபாகக் கணக்கு ஒன்றுண்டு. கத்தோலிக்க உழவனும் தனக்குச் சம்பந்தமில்லாத புராட்டஸ்டண்டு சபைக்குப் பங்கு செலுத்தவேண்டும் என்ற அநீதியின் கணக்கு அது. பாட்டனை வாட்டிய ஏடு இன்று பேரனுக்குப் பயன்படுகின்றது!

1922 ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரில் டப்ளின் நகரத்து ஆவணக் காப்பகம் எரிந்து போயிற்று. ஜனத்தொகைக் கணக்குகளும் புராட்டஸ்டண்டு கோயிற் புத்தகங்கள் பலவும் சாம்பலாயின. கத்தோலிக்கக் கோயில்களின் புத்தகங்களோ தலைநகருக்குச் செல்லாமல் அந்தந்த ஊரிலேயே கிடந்தமையால் தப்பின. பத்திரப்படுத்தியது அழிந்தது, பாதிரியாரின் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது பிழைத்தது.

இனி நமது மண்ணேட்டைப் பார்ப்போம். அதன் முறையை வகுத்தவரும் ஓர் ஐரிஷ்காரரே. கார்க் நகரில் 1814இல் பிறந்த ராபர்ட் டாரன்ஸ், 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டம் கொணர்ந்தார். பதிவேட்டில் எவன் பெயர் உளதோ அவனே உடையவன் என்பது அதன் சாரம். மலாய் மாநிலங்கள் அம்முறையைக் கைக்கொண்டன. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டமும் அவ்வழியதே. தெளிவான முறைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் காடழித்துக் கன்று நட்டு, மூன்று தலைமுறை பால் வெட்டியவனின் பெயர் அதில் ஓரிடத்தும் இல்லை. கம்பெனியின் பெயர் இருக்கிறது. பத்து காஜாவில் பாதியில் நின்றுபோன மாளிகையைக் காண்போர், அதன் உடையவராகிய கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பன் நகரில் இறந்தார் என்பதையும் அறிந்து திரும்புகின்றனர். அங்கே கல் சுமந்த தமிழரின் பெயரை எவரிடம் கேட்பது?

தாய்நாட்டு மண்ணேடும் பெரும்பாலும் கைவிரிக்கும். மன்றோ காலத்து ரயத்துவாரி முறையில் பட்டா பெற்றவன் பெயரே கணக்கில் ஏறியது. அவன் வயலில் சேறு மிதித்த ஆள் ஏறவில்லை. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி அழைத்து வந்தது பெரிதும் அந்த ஆளைத்தானே! விலக்காக ஒன்றைச் சொல்லலாம். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892இல் சென்னை சர்க்கார் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களின் பதிவுகளில், நம்மவர் சிலரின் முன்னோர் பெயரோடு நிற்கக்கூடும்.

மலாயாவில் தொழிலாளியின் பெயர் மண்ணோடு சேர்த்து எழுதப்படுவதற்கு நெடுங்காலம் சென்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தெருவில் நின்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த சம்பந்தனார் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். சிறு தவணைகளிற் பங்குப்பணம் கட்டி அங்கத்தினரானோர் பால் வெட்டுவோரே. அவ்வங்கத்தினர் பட்டியலைத் தோட்டத் தமிழரின் முதல் மண்ணேடு எனினும் பொருந்தும்.

கோயிலேட்டின் கதை வேறு. பாகான் செராயில் பிரெஞ்சுப் பாதிரியார் ரெனே ஃபே 1880களில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியமர்த்தினார். பின்னர் மலாக்கா மேற்றிராணியாரானவர் இவரே. ஈப்போவில் சிலிபின் லூர்து மாதா கோயில் தமிழர் கூடும் கோயில். இத்தகைய கோயில்களில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் பெயர், பிறந்த நாள், தாய் தந்தையர், ஞானத்தாய் தந்தையர் ஆகிய விவரங்கள் எழுதப்படும். நிலமுண்டா என்று அப்புத்தகம் கேட்பதில்லை. இதனால் கோயில்களைப் புகழ வந்தோம் என எண்ணவேண்டா. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்துக் கோயில் கட்டிய கதையை அறியாதார் யார்? புத்தகம் மட்டும் அச்சுவரைவிட நியாயமாக நடந்தது என்கிறோம்.

தேடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பாதிரிமார் இலத்தீனில் எழுதினர். அருளப்பன் அங்கே யோவான்னெஸ் ஆவான், இராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ். ஐரிஷ் நாட்டுச் சான் என்பவனும் அவ்வாறே யோவான்னெஸ் ஆனவன்தான். ஆனால் அவனுக்குக் குடும்பப் பெயர் உண்டு. அது தலைமுறைதோறும் தொடரும். நமக்கோ தகப்பன் பெயரே முன்னெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். எனினும் பாட்டன் பெயரைத் தாங்குவதாலன்றோ பேரன் எனப்பட்டான்! ஆகவே ஒரு தலைமுறை விட்டு அடுத்ததில் அதே பெயர் தோன்றுகின்றதா எனப் பார்த்துச் செல்வது நல்ல வழி.

தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் மாரியம்மனை வணங்கியவர். அவர்க்கு ஞானஸ்நானப் புத்தகம் ஏது? காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்ட செக்ரோல், தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பைப் பதிந்த போலீஸ் நிலையப் புத்தகம், கோயிற் சுவரில் உபயதாரர் பெயர் வெட்டிய கல் ஆகியவையே அவர்க்குக் கோயிலேடு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு சென்றவருள் பலர்க்கு, செக்ரோலில் விழுந்த கடைசி வரியே உலகத்தில் எஞ்சிய எழுத்து.

சாதி தேட இவ்வேடுகளைப் புரட்டுவோரும் உளர். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 இந்தியரின் கப்பற் பட்டியலில் ஊர், வயது, தந்தை பெயரோடு சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. சிலர் கண் முதலில் அங்கேதான் செல்கின்றது. கூலியாகக் கப்பலேறியவனுக்குக் குலப்பெருமை கற்பிக்க என்ன ஆவல்!

தேடுதற்கு அதனினும் தக்க காரணம் உண்டு. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் வரை இம்மண்ணில் பிறந்தோர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பொதுவாகக் குடிமக்களாயினர். அதன்பின் பிறந்தோரைப் பற்றிப் பெற்றோரின் நிலை யாது என்று சட்டம் கேட்டது. லயத்து வீட்டில் மருத்துவிச்சி கையில் பிறந்து பதியப்படாமற் போன தாயின் பிள்ளை, பிறப்புப் பத்திரமின்றிப் பள்ளிக்கும் வேலைக்கும் அலைய நேர்ந்தது. இவள் இன்ன நாளில் இத்தோட்டத்தில் இருந்தாள் என்பதற்குத் துணைச்சான்று, பள்ளிப் பதிவேட்டின் ஒரு வரியாக இருக்கலாம். கோயிற் புத்தகத்தின் ஒரு வரியாகவும் இருக்கலாம். ரப்பர்த் தோட்டம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியாகும்பொழுது, ஆபீசு அலமாரியைத் திறந்து அவ்வரியை எடுத்து வைத்தவர் எத்தனை பேர்?