புள்ளிகளுக்கு இடையே: சார்புகளின் வரைபடப் பயிற்சியும் ஊடாடும் இணைய வினாக்களும்

ஒரு சார்பு, தான் வரையறுக்கப்பட்டுள்ள எண்களின் தொகுதியாகிய சார்பகத்தின் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு மதிப்பை அளிக்கிறது. அவ்வெண்ணையும் அதன் மதிப்பையும் இணையாகக் கொண்டு ஆயத்தளத்தில் குறிக்கப்படும் புள்ளிகள் அனைத்தின் கணமே அச்சார்பின் வரைபடமாகும். இவ்வரையறையைத் தடையின்றிச் சொல்லும் மாணவர் பலரும் வரைபடத்தைக் காணும்போது ஓர் ஓவியத்தைக் காண்பதுபோலவே காண்கின்றனர் என்பது கணிதக் கல்வி ஆய்வில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. க்ளோத் ஜான்வியே 1970களின் பிற்பகுதியில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்ட ஆய்வில், பந்தயப் பாதையில் ஓடும் காரின் வேகம் கடந்த தூரத்தைப் பொறுத்து மாறுவதைக் காட்டிய வளைகோட்டை, அப்பாதையின் வடிவமாகவே எடுத்துக்கொண்ட மாணவர்கள் இருந்தனர். இக்குழப்பத்தை நீக்குவதற்குப் பயிற்சி வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எத்தகைய பயிற்சி என்பதே கேள்வி.

லைன்ஹார்ட், ஸஸ்லாவ்ஸ்கி, ஸ்டைன் ஆகியோர் 1990இல் வெளியிட்ட மதிப்பாய்வு, வரைபடம் சார்ந்த பணிகளைப் பொருள்கொள்ளல், உருவாக்கல் என இரு வகையாகப் பிரித்துக் காட்டியது. இணையத்தில் கிடைக்கும் பயிற்சி வினாக்களுள் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. அதிலும், ஒரு வாய்பாட்டைத் தந்து அதற்குரிய வரைபடத்தை நான்கு படங்களிலிருந்து தெரிவுசெய்யச் சொல்லும் வடிவமே மிகுதி. இவ்வடிவம் திருத்துவதற்கு எளிது, ஆனால் அது சோதிப்பது சார்பைப் பற்றிய அறிவை அன்று: வெட்டுத்துண்டு ஒன்றைச் சரிபார்த்து மூன்று படங்களை விலக்கத் தெரிந்த மாணவர், எஞ்சிய படம் ஏன் அவ்வாறு வளைகிறது என்று ஒரு கணமும் எண்ணாமலேயே முழு மதிப்பெண் பெற்றுவிடுகிறார். ஊடாடும் வினா தன் பெயருக்குத் தகுதி பெறவேண்டுமாயின், மாணவர் உருவாக்கிய ஒன்றை வாங்கி, அதன் பண்புகளை ஆராய்ந்து, அதற்கேற்ற மறுமொழியைத் தரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாளில் செய்யும் பயிற்சிக்கும் இவ்வாதம் பொருந்தும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூல், இருபடிச் சார்பின் வரைபடத்தை மதிப்புகளின் அட்டவணையிலிருந்து தொடங்கி, வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்து, அவற்றை இழைவான வளைகோட்டால் இணைக்கும் முறையில் கற்பிக்கிறது. பரவளையத்துக்கு இம்முறை போதுமானது. வடிவம் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் புள்ளிகளுக்கு இடையே என்ன நிகழ்கிறது என்ற ஐயம் எழுவதில்லை. ஆனால் ஒரு மாறியின் கனத்திலிருந்து அம்மாறியையே கழித்துப் பெறும் சார்பை இதே முறையில் அணுகினால், −1, 0, 1 ஆகிய மூன்று இடங்களிலும் மதிப்பு பூச்சியமாகவே வருகிறது. முழு எண்களை மட்டும் நம்பும் மாணவர் அங்கே கிடை அச்சோடு ஒட்டிய நேர்கோட்டை வரைந்துவிடக்கூடும். உண்மையில் அவ்விடைவெளியில் −0.577 அருகே ஏறத்தாழ 0.385 உயரமுள்ள பெருமமும், 0.577 அருகே அதே அளவு ஆழமுள்ள சிறுமமும் உள்ளன. கவனிக்கத்தக்கது என்னவெனில், வரைபடம் வரையும் மென்பொருளும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது. அது எடுக்கும் புள்ளிகள் மிக நெருக்கமானவை, அவ்வளவே. எண்ணின் தலைகீழியைத் தரும் சார்பில் பூச்சியத்தின் இருபுறமும் உள்ள புள்ளிகளைக் கவனமின்றி இணைக்கும் நிரல், சார்பில் இல்லாத செங்குத்துக் கோடொன்றைத் திரையில் தோற்றுவித்துவிடும். ஆகவே, மென்பொருள் வரைந்து காட்டுவதை மாணவர் பார்த்திருப்பது மட்டும் பயிற்சியாகாது.

பண்புகளை ஆராயும் வினாவுக்கு ஸ்டாக் என்னும் மதிப்பீட்டு அமைப்பு நல்ல சான்று. கிறிஸ் சாங்வின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 2004ஆம் ஆண்டளவில் உருவாக்கத் தொடங்கிய இவ்வமைப்பு, மாணவர் தட்டச்சு செய்யும் கோவையை மாக்ஸிமா என்னும் கணினி இயற்கணித மென்பொருளிடம், அதாவது குறியீடுகளை எண்களாக மாற்றாமல் குறியீடுகளாகவே கையாளும் நிரலிடம், அனுப்பி ஆராய்கிறது. "−1இல் பெருமமும் 1இல் சிறுமமும் கொண்ட முப்படிச் சார்பு ஒன்றைத் தருக" என்ற வினாவுக்கு எண்ணற்ற சரியான விடைகள் உண்டு. எந்த விடைத்தாள் திறவுகோலும் அவற்றைப் பட்டியலிட முடியாது. நிரலோ வந்த விடையை வகையிட்டு, வகைக்கெழு அவ்விரு இடங்களிலும் பூச்சியமாகிறதா, குறி மாறும் திசை சரிதானா என்று பார்க்கிறது. குறியை மாற்றி எழுதிய மாணவருக்கு, பெருமமும் சிறுமமும் இடம் மாறியுள்ளன என்ற குறிப்பும், அவர் தந்த சார்பின் வரைபடமும் சேர்ந்து கிடைக்கும். தம் விடையின் விளைவையே அவர் காண்கிறார். சரியான விடை இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. தவறு என்ற ஒற்றைச் சொல்லைவிட இத்தகைய மறுமொழி பன்மடங்கு மேலானது.

இங்கே வரிசை முக்கியம். புள்ளிகளை இழுத்து நகர்த்தவும் நழுவுபட்டையால் கெழுக்களை மாற்றவும் ஜேஎஸ்எக்ஸ்கிராஃப், ஜியோஜீப்ரா போன்ற கருவிகள் இடமளிக்கின்றன. இலக்கு வளைகோட்டின்மீது தம் வளைகோடு படியும்வரை பட்டையை நகர்த்தும் மாணவர் கண்ணால் ஒட்டுகிறாரே தவிர, மாறியிலிருந்து 2ஐக் கழித்தால் வரைபடம் ஏன் வலப்புறம் நகர்கிறது என்று கேட்டுக்கொள்வதில்லை. மாணவர் முதலில் கணித்துச் சொல்லவேண்டும்; அதன் பின்னரே திரை அசையவேண்டும்.

எண்களைத் தற்செயலாக மாற்றி ஒரே வினாவைப் பலமுறை தரும் வசதியிலும் ஒரு பொறி உண்டு. இருபடிச் சார்பின் இரு மூலங்களையும் நிரலே தெரிவுசெய்யும்போது, இரண்டும் சமமானால் பரவளையம் அச்சைத் தொட்டு மீள்கிறது; ஒன்று மற்றொன்றின் எதிரெண்ணானால் ஒருபடி உறுப்பே மறைகிறது. எண் மட்டுமே மாறியது என்று வினாவாசிரியர் நினைத்த இடத்தில் வினாவே மாறிவிடுகிறது. மாறுபாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்து வைப்பது வினாவாசிரியரின் தவிர்க்க முடியாத உழைப்பு.

மிக நுண்ணிய சிக்கல் சார்பகத்தில் எழுகிறது. மாறியின் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்து, அதனை மாறியிலிருந்து 1ஐக் கழித்து வரும் கோவையால் வகுத்தால், சுருக்கிய பின் மாறியோடு 1ஐக் கூட்டிய ஒருபடிச் சார்பு கிடைக்கிறது. இயற்கணித நிரலுக்கு இரண்டும் ஒன்றே; திரையிலும் இரண்டும் ஒரே நேர்கோடு. ஆனால் முதல் சார்புக்கு 1 என்ற இடத்தில் மதிப்பே இல்லை. அதன் வரைபடத்தில் ஒரு புள்ளி விடுபட்டிருக்கிறது. இவ்வினாவில் சார்பகத்தைத் தனி விடையாக முதலில் கேட்காவிட்டால், சார்பு என்றால் வாய்பாடு என்ற பழைய மயக்கத்தைப் பயிற்சியே உறுதிப்படுத்திவிடும். மேலும், சைன், மட்டு போன்றவை கலந்த கோவைகள் இரண்டு சமமா என்பதை எல்லா நிலைகளிலும் தீர்மானிக்கும் பொதுப் படிமுறை இருக்க முடியாது என்பது ரிச்சர்ட்சன் 1968இல் வெளியிட்ட முடிவுகளிலிருந்து பெறப்படுகிறது. பள்ளி வினாக்களில் இது அரிதாகவே இடையூறு செய்யும்.

காரணம் கூறுதல் இவ்வினாக்களின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. "மெய்யெண்கள் அனைத்தையும் வீச்சகமாகக் கொண்ட நாற்படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றைத் தருக" என்று கேட்டு, அப்படி ஒன்று இல்லை என்ற விடையையும் ஏற்குமாறு வினாவை அமைக்கலாம். ஆனால் நாற்படிச் சார்பின் வரைபடம் இரு முனைகளிலும் ஒரே திசையில், மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ செல்வதால் அதற்கு மீச்சிறு மதிப்போ மீப்பெரு மதிப்போ இருந்தே தீரும் என்ற காரணத்தை மாணவர் தம் சொற்களில் எழுதவேண்டும், அதனை ஆசிரியர் படிக்கவேண்டும். நிரல் திருத்தும் பணியை ஏற்பதால் மிஞ்சும் நேரம் இதற்கே செலவிடப்படவேண்டும்.