இருளின் நீளமும் ஒளியின் நிறமும்

கஞ்சா ஒரு குறும்பகல் தாவரம். இரவு நீளும் பருவத்தில் பூக்கும். கண்ணாடிக்குடிலிலும் மூடிய அறையிலும் இத்தகைய செடிகளின் பூப்பை நெறிப்படுத்தும் தொழில், இருளின் நீளம், ஒளியின் நிறம் என்னும் இரண்டை நம்பி நிற்கிறது. அவற்றை அறிய அறிவியலுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது.

முதல் தடயத்தைக் கொடுத்ததே கஞ்சாதான். குளிர்காலத்தில் கண்ணாடிக்குடிலில் விதைத்த ஹாப்ஸ், கஞ்சாச் செடிகள் வளர்ந்து முடியும் முன்பே பூத்துவிடுவதை பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜூலியன் டூர்னுவா கவனித்தார். பகல் சுருங்குவதைவிட இரவு நீள்வதே இதற்குக் காரணம் என்று 1914இல் எழுதினார். அதே ஆண்டில் முதல் உலகப் போரில் அவர் மாண்டதால் அந்த ஆய்வு தொடரவில்லை.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் டபிள்யூ. டபிள்யூ. கார்னரும் எச். ஏ. அல்லார்டும் வேறொரு வழியில் அதே கேள்விக்கு வந்தனர். 'மேரிலாந்து மாமத்' என்னும் புகையிலை கோடையில் ஆளுயரம் தாண்டி வளர்ந்தும் பூக்காது. குளிர்காலக் கண்ணாடிக்குடிலிலோ சிறு செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். 1918 கோடையில் அவர்கள் செடிகளை மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் வைத்துக் காலையில் வெளியே எடுத்தனர். பகல் குறைந்த செடிகள் பூத்தன. 1920இல் வெளியான அவர்களது கட்டுரை ஒளிக்காலத்துவம் என்ற துறையைத் தொடங்கிவைத்தது.

டூர்னுவாவின் கருத்தை 1938இல் கார்ல் ஹாம்னரும் ஜேம்ஸ் பானரும் உறுதிப்படுத்தினர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பட்டாலே மருளூமத்தை பூக்காமல் போனது. செடி அளப்பது தடையற்ற இருளையே என்பது தெளிவாயிற்று.

அந்த இருளைக் கலைப்பது எந்த நிற ஒளி? மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்றிக்ஸ் குழுவினர் ஒளியை நிறங்களாகப் பிரித்துச் செடிகள் மேல் பாய்ச்சினர். சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியே மிக வலிமையானது என்று கண்டனர். அதன் விளைவைச் சுமார் 730 நானோமீட்டர் தூரச்சிவப்பு ஒளி அழித்துவிடும் என்பது 1952இல் கீரைவகையான லெட்யூஸின் விதைகளில் வெளிப்பட்டது. மருளூமத்தையின் பூப்பிலும் அதுவே நிகழ்ந்தது. ஒரே நிறமி இரு வடிவங்களுக்கிடையே மாறுகிறது என்ற அவர்களது ஊகம் 1959இல் அளவீட்டால் மெய்யானது. அந்நிறமிக்குப் பைட்டோகுரோம் எனப் பெயரிட்டனர்.

இந்த அறிவை முதலில் பணமாக்கியவர்கள் சாமந்தி வளர்ப்போர். பூப்பைத் தள்ளிப்போட நள்ளிரவில் குண்டு பல்பு எரித்தனர். முன்னதாகப் பூக்க வைக்கக் கறுப்புத் துணியால் மூடினர். ஆண்டு முழுவதும் சாமந்தி சந்தைக்கு வந்தது.

அறைக்குள் கஞ்சா வளர்த்தவர்களும் இதையே பின்பற்றினர். நாளுக்கு 12 மணி நேர இருள் வழக்கமானது. வளரும் பருவத்துக்கு நீலம் மிகுந்த மெட்டல் ஹாலைடு விளக்கு, பூக்கும் பருவத்துக்கு மஞ்சளும் செம்மஞ்சளும் மிகுந்த உயரழுத்த சோடியம் விளக்கு என்று பிரித்துப் பயன்படுத்தினர். 1990களில் பிரகாசமான நீல எல்இடி வந்தபின் நிறங்களை விருப்பம்போல் கலக்க முடிந்தது. கே. ஜே. மெக்ரீ 1972இல் வெளியிட்ட அளவீடுகள் சிவப்பு, நீலத்தோடு பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவதைக் காட்டியிருந்தன. ஆகவே வெள்ளை எல்இடியுடன் கூடுதல் சிவப்பைச் சேர்ப்பது பரவலாயிற்று. 2018இல் கனடா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியபின் இது பெருந்தொழிலாக வளர்ந்தது. பகலில் விளைச்சலுக்கு உதவும் அதே சிவப்பு, இரவில் கசிந்தால் பூப்பைக் குலைக்கும். அதனால் நிறத்தைத் தேர்வதோடு இருளைக் காப்பதும் இத்தொழிலின் அடிப்படை விதியாக நிலைத்துவிட்டது.